வெட்ட இடமில்லாத சம்பளம்

“இவ்வளவுதானா?”

பொன்னுத்துரை முதலாளி நீட்டிய கையை மடக்கவில்லை. மடக்கினால் இதுதான் கணக்கு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். குருந்தகந்தைத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு எதிரே, சம்பள நாள் மத்தியானத்தில், கடன் கொடுத்தவர்கள் எல்லாம் குடையும் கையுமாகக் காத்து நிற்கிற பலா மரத்தடியில், அவருடைய உள்ளங்கையில் இரண்டு பத்து ரூபாய்த் தாள்கள் கிடந்தன. அதில் ஒன்று கிழிந்து ஒட்டுப்போட்டது.

“அவ்வளவுதாங்க மொதலாளி” என்றாள் இருளாயி. “எனக்கும் அவருக்குமாச் சேத்து.”

அவர் என்று அவள் கண்ணால் காட்டிய முத்துவீரன் நாலடி தள்ளி நின்று, ஆபீஸ் கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடன் கொடுத்தவர்களோடு பேசுவது மனைவியின் இலாகா. காக்கை பார்ப்பது அவனுடையது.

“ரெண்டு பேரும் மாசம் பூரா வேலைக்குப் போயிருக்கீங்க. கொழுந்து ஏத்த லொறி பத்தலைன்னு பெல்மதுளை பசாரே பேசுது. எனக்கு இருபது ரூபாயா?”

“சம்பளத்துல புடிச்ச வெட்டெல்லாம் போக மிச்சம் அரிசிக்குத்தாங்க இருக்கு. அதுலதான் பிச்சுக் குடுத்தேன்.”

“அப்படி என்ன வெட்டு?”

இருளாயி விரலை மடக்கினாள். “சங்கச் சந்தா, கோயில் பணம், தேத்தூளு, மாவு, சலவை, கூட்டுறவுக் கடன், போன தீவாளிக்கு வாங்கின அட்வான்சு, முடிவெட்டு…”

“முடிவெட்டுமா?”

“அதுவும் வெட்டுத்தானுங்களே.”

முத்துவீரன் காக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

கடன் வந்த கதை இதுதான். மூத்த மகள் கல்யாணத்துக்கு இருளாயி குடும்பத்தோடு துணிக்கடைக்கு வந்தபோது, “காசைப் பத்தி இப்ப யாரு கேட்டா? எடு இருளாயி, எடு!” என்று கட்டுக் கட்டாக அவிழ்த்துப் போட்டவர் பொன்னுத்துரைதான். மாப்பிள்ளை வேட்டியில் ஆரம்பித்து, சம்பந்தி வீட்டுக் கைக்குழந்தையின் சட்டை வரை அன்றைக்குப் போனது. கடன் கொடுக்கும்போது சிரிக்க வேண்டும், வசூலிக்கும்போது சிரிக்கக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடையின் பின்கட்டில் பிறந்து, பேரம் பேசுகிற சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த உடம்பு அது.

ஆனால் இந்தத் தடவை அவருக்கே கழுத்தில் கயிறு விழுந்திருந்தது. கொழும்பு மெயின் வீதி மொத்தக் கடைக்காரர், பழைய பாக்கி முழுதாக வந்து சேர்ந்தால்தான் தீபாவளிச் சரக்கு ஏறும் என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்குச் சரக்கில்லாத துணிக்கடை என்பது மாப்பிள்ளை வராத கல்யாண வீடு மாதிரி. மற்ற இடத்திலெல்லாம் உருட்டிப் புரட்டி எடுத்தாயிற்று. துண்டு விழுவது இருளாயி வீட்டுக் கணக்கு ஒன்றுதான்.

சாயங்காலம் கடைக்கு வந்ததும் இரண்டு தாளையும் கல்லாவில் இருந்த மங்கையர்க்கரசியின் முன்னால் போட்டார். கடையின் பெயர்ப் பலகையில் ‘மங்கை ஸ்டோர்ஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். மனைவியின் பெயரைக் கடைக்கு வைத்த தாராளத்தை, அறிமுகமாகிற எல்லாரிடமும் அவர் ஒரு தடவை சொல்லாமல் விடுவதில்லை.

“இப்படிக் கொடுத்தா, நம்ம ரெண்டு பேருக்கும் தலை நரைச்ச பெறகும் முடியாதுங்க” என்றாள் மங்கையர்க்கரசி, ஒரு கையால் தாளை நீவிக்கொண்டு, மறு கையால் யாருக்கோ பாவாடைத் துணி கிழித்துக்கொண்டு.

“நீ சும்மா இரு. என்னோட காசு யாரு மடியிலயும் படுத்துத் தூங்கினதில்ல. சம்பளம் அவ கைக்கு வந்த பெறகு கேக்கிறதாலதானே இந்த இழவு? கைக்கு வர்றதுக்கு முன்னாலயே வெட்ட வச்சிட்டா?”

*

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஜனார்த்தனன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

“வெட்டலாம் மொதலாளி. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, சம்பளக்காரங்க கையெழுத்து வேணும். அவங்க சம்மதம் இல்லாம நான் ஒரு சதமும் தொட ஏலாது.”

“கையெழுத்து நான் வாங்கிக் குடுக்கிறேன்.”

“ரெண்டாவது, வெட்டுறதுக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல யாரு வந்து நின்னாலும் வெட்டக் கூடாது. மிச்சம் அவங்க கைக்குப் போய்த்தான் ஆகணும். சட்டம். இந்த ரெண்டு பேருக்கும் அளவு முட்டிருச்சு. ரத்தினபுரி பஸ்ஸு மாதிரி. மிதிபலகையிலகூட ஆள் தொங்குது.”

பஸ் நிறைந்திருந்தால் வீட்டுக்குத் திரும்புகிறவன் வியாபாரி இல்லை.

“உள்ள இருக்கிற யாரையாச்சும் இறக்கிவிட்டா?”

“அதெப்படி?”

“கூட்டுறவுக் கடன்னு ஒண்ணு இருக்கில்ல. அதை ஒரே தடவையில கட்டித் தீத்துட்டா, அந்த வெட்டு நின்னு போகும். அந்த எடம் எனக்கு.”

ஜனார்த்தனன் கண்ணாடியைக் கீழே இறக்கினார். இப்படி ஒரு கேள்வியை அவருடைய சர்வீசில் யாரும் கேட்டதில்லை. “கட்டித் தீத்தா எடம் வரும்தான்” என்றார் மெதுவாக.

கூட்டுறவுக் கடனைக் கட்டக் காசு வேண்டும். காசு கொழும்புக்காரருக்கென்று சேர்த்து வைத்ததில் இருந்தது. அதிலிருந்து எடுத்துக் கட்டினார். கட்டியதை இருளாயியின் பழைய கடனோடு சேர்த்துக்கொண்டார். விதைநெல் மாதிரி, போட்டால்தானே விளையும்?

கையெழுத்து வாங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனபோது இருளாயி வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க கூட்டுறவுக் கடனை நீங்க ஏன் மொதலாளி கட்டினீங்க?”

“மனுசனுக்கு மனுசன் ஒரு உதவிதான் இருளாயி.”

“ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா மொதலாளி?” என்று உண்மையான கவலையோடு கேட்டுவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். முத்துவீரனும் போட்டான்.

“பாத்தியா?” என்றார் அன்றிரவு மனைவியிடம். “கையெழுத்து மட்டும் இருந்தா போதும். சம்பளத்தில் நேரா கை வைக்கலாம்.”

“கையெழுத்து இல்லாட்டி?”

“இல்லாட்டி ஏலாது. சம்மதிக்காதவங்க சம்பளத்தை யாராலும் புடிச்சு வைக்க ஏலாது.”

“யாராலுமா?”

“கவர்ன்மென்டாலகூட!” என்று அவர் அடித்துச் சொன்னார். மங்கையர்க்கரசி ஆச்சரியத்தோடு தலையை ஆட்டினாள். புருஷனுக்கு உலகம் தெரிந்திருப்பதைப் பார்த்து மலைக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

*

அடுத்த சம்பள நாளில் அவர் பலா மரத்தடியில் நிற்கவில்லை. அதெல்லாம் சில்லறைக் கடன்காரர்கள் நிற்கிற இடம். நேராக ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார்.

“ஒண்ணும் வரல்ல மொதலாளி” என்றார் ஜனார்த்தனன்.

“என்னது?”

“எடம் வந்ததென்னவோ உண்மைதான். ஆனா அவங்க ரெண்டு பேரும் கூரைத் தகரத்துக்குக் கடன் கேட்டு வருஷக் கணக்கா எழுதிக் குடுத்து வச்சிருந்தாங்க. வெட்டுறதுக்கு எடமில்லைன்னு கம்பனி குடுக்கல்ல. இந்த மாசம் பாத்தாங்க, எடம் இருக்குது. உடனே குடுத்துட்டாங்க.”

“என்னோட எடம் அது!”

“தோட்டத்துக் கடன் முன்னுக்கு. வெளியாள் கடன் பின்னுக்கு. நீங்க வரிசையில நிக்கிறீங்க மொதலாளி, இல்லைங்கல. கடைசியில நிக்கிறீங்க.”

லயத்துக்குப் போகிற படிக்கட்டில் ஏறும்போதே கண் கூசியது. பத்து வீட்டு லயத்தில் மற்றக் காம்பராவிலெல்லாம் கறுத்துத் துருப்பிடித்த தகரம் கிடக்க, நடுவில் ஒரே ஒரு கூரை மட்டும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருளாயி கைகூப்பி நின்றாள்.

“மொதலாளி நல்லா இருக்கணும். இந்த மழைக்குத்தான் நாங்க ஒரே எடத்துல படுக்கிறோம். நீங்க அந்தக் கடனைக் கட்டாட்டி இது நடந்திருக்குமா?”

“நடந்திருக்காது” என்றார் பொன்னுத்துரை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“அவரு உங்க பேரைச் சொல்லிக் கோயில்ல தேங்கா ஒடச்சாரு.”

“தேங்கா வாங்கக் காசு?”

“கடனுக்குத்தாங்க.”

இந்தத் தடவை அவள் கொடுத்தது பத்து ரூபாய். தகரத்துக்கு ஆணி வாங்க வேண்டியிருந்ததாம்.

வீட்டுக்கு வந்தபோது டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. மெயின் வீதிக்காரர். சரக்கு கட்டி வைத்திருக்கிறதாம், பாக்கி வரவில்லையென்றால் பலாங்கொடையிலிருந்து ஒரு பார்ட்டி கேட்டுக்கொண்டு நிற்கிறதாம். “தீவாளிக்கு முந்தி முழுக் காசோட வாறேன், கட்டை அவிழ்க்காதீங்க!” என்று கம்பீரமாகச் சொல்லி வைத்தார் பொன்னுத்துரை. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“மங்கை, உன் தங்கக் காப்பு ரெண்டையும் கழட்டிக் குடு. இனி இது கோர்ட்டு விவகாரம். வக்கீலுக்குக் கொடுக்கணும். ஒரு மாசத்துல மீட்டுத் தாறேன்.”

அவள் கழற்றி மேசையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவருடைய வழக்கம்.

*

இரத்தினபுரியில் சட்டத்தரணி புவாட் முதலில் பீசை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு கதையைக் கேட்டார். இந்த வரிசையைப் பார்த்ததும் பொன்னுத்துரைக்கு அவர் மேல் மரியாதை வந்தது. நம்ம ஜாதி ஆள், வியாபாரம் தெரிந்தவர்.

“வழக்குப் போடலாம், முதலாளி. போட்டா வெல்லலாம்” என்றார் புவாட்.

“அப்படிச் சொல்லுங்க! வென்றதும் சம்பளத்தை ஜப்தி பண்ணிரலாம்?”

“அது ஏலாது.”

“ஏன்?”

“கூலியாள்ட சம்பளத்தில கோர்ட்டே கை வைக்க ஏலாது. சட்டத்தில அப்பிடித்தான் ஈக்குது.”

பொன்னுத்துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சாமான் விலை படியாவிட்டால் அடுத்த சாமானுக்குப் போவதுதான் முறை.

“சரி, சம்பளத்தை விடுங்க. வீட்டுல கட்டில் இருக்கு.”

“படுக்கைச் சாமான் ஏலாது.”

“மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி?”

“தொழில் ஆயுதம். ஏலாது.”

“புதுக் கூரைத் தகரம்! நான் கட்டின காசுல வந்தது!”

“தோட்டத்துக் கட்டடத்தில அடிச்சாச்சே. அத யாரு பிடுங்குற?”

“உடுதுணி?”

“உடுக்கிற உடுப்பில தொடவே ஏலாது.”

“அந்த உடுப்பே என்னோடது ஐயா! அதுக்குத்தான் கடனே!”

“அது அவங்க உடுக்க முந்திக் கேட்டிருக்கோணும்” என்றார் புவாட், லாச்சிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு.

“அப்ப நான் எதைத்தான் தொடலாம்?”

“அவங்கட மனச. நல்லாக் கதைச்சு, அவங்களால ஏலுமான தவணையப் போட்டு, மாசா மாசம் வாங்குங்க. குடும்பம் சாப்பிட்டாத்தான் அடுத்த மாசம் வேலைக்குப் போகும், வேலைக்குப் போனாத்தான் உங்களுக்குக் காசு வரும். சட்டம் போட்டவன் முட்டாள் இல்ல, முதலாளி.”

நல்ல புத்திமதிதான். ஆனால் அதற்கு ஒரு சோடி தங்கக் காப்பு என்பது சந்தை விலைக்கு மேல்.

திரும்பி வருகிற பஸ்ஸில், மாணிக்கக் கல் வியாபாரிகள் இரண்டு பேருக்கு நடுவில் பால் பிழிந்த தேங்காய்ப்பூ மாதிரி நின்றுகொண்டிருந்தபோதுதான் பொன்னுத்துரைக்கு அந்த யோசனை வந்தது. கடைக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு நுழைந்தார்.

“மங்கை! சம்பளத்தைக் கோர்ட்டால தொட முடியாது. தோட்டத்துல வெட்ட எடமில்லை. ஏன்? சம்பளம் குடுக்கிறவன் வேற ஆள்! சம்பளம் குடுக்கிறவனே நானா இருந்தா? நானே மொதலாளி, நானே கிளாக்கர், நானே வெட்டு!”

“முத்துவீரனுக்குத் துணி அளக்கத் தெரியுமா?”

“அவன் காக்கா பாக்கத்தான் லாயக்கு. அவங்களுக்குச் சின்ன மக ஒருத்தி இருக்கா இல்ல, ஷாமிளா? ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணிட்டுச் சும்மாதான் இருக்கா. அவளைக் கடையில போடுவோம். மாசம் முடிய அவ சம்பளத்தைக் கடனுக்கு எடுத்துக்குவோம். தீவாளிக்குள்ள பாதி தீரும், மீதிக்கு அந்த வரவைக் காட்டிக் கொழும்புக்காரன்கிட்டத் தவணை கேப்பேன்.”

மங்கையர்க்கரசி அளவுகோலைக் கீழே வைத்தாள். “கடையில நிக்கிற ஆளுக்கு என்னங்க சம்பளம் குடுப்பாங்க?”

“அதை நான் பாத்துக்கிறேன்.”

*

மின்னுகிற கூரைக்குக் கீழே பேரம் நடந்தது. எதிராளி இருளாயி.

“பஸ் காசு?”

“தர்றேன்.”

“மத்தியானச் சோறு?”

“எங்க வீட்டுலயே சாப்பிடட்டும்.”

“ஞாயித்துக்கெழம லீவு?”

“கடையே பூட்டுத்தானே.”

“சம்பளத்தைச் சொல்லுங்க மொதலாளி.”

பொன்னுத்துரை சொன்னார். கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால் தாராளம் தானாக வந்துவிடும். அவர் சொன்ன தொகையைக் கேட்டு முத்துவீரன், வானத்தை விட்டுவிட்டு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். கூட வந்திருந்த மங்கையர்க்கரசியும் பார்த்தாள்.

“இவ்வளவாங்க?” என்றாள் அவள்.

“கடையில நின்னு சனத்தோட மல்லுக்கட்டுறது லேசான வேலையா? அதுக்கு இதுதான் மதிப்பு” என்றார் பொன்னுத்துரை, லயத்துச் சனமெல்லாம் கேட்கும்படியாக.

ஷாமிளா கெட்டிக்காரியாக இருந்தாள். தமிழ் ஆள் வந்தால் தமிழில், சிங்கள ஆள் வந்தால் சிங்களத்தில், முகத்தைச் சுளிக்காமல் எடுத்துக் காட்டினாள். வந்த சில நாளிலேயே, பழைய சரக்கென்று மூலையில் கிடந்த சிவப்புச் சீத்தைத் துணியைப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக் கொடிக்கென்று ஒரு டீச்சரின் தலையில் முழுதாகக் கட்டிவிட்டாள். பொன்னுத்துரைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கூலியில்லாத வேலை, அதுவும் இவ்வளவு நல்ல வேலை!

மாதம் முடிந்தது. அவர் கல்லாவிலிருந்து காசை எடுத்து, ஷாமிளாவின் கண்ணுக்கு முன்னால் மேசையின் இந்தப் பக்கம் எண்ணி வைத்தார்.

“இது உன் சம்பளம். பாத்துக்க.”

பிறகு அதையே எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தார்.

“இது உங்க அப்பன் கடனுக்கு. பாத்துக்க.”

ஷாமிளா இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். “கடன் அப்பாவோடதுங்க மொதலாளி. வேலை செஞ்சது நானு.”

“அப்பா என்ன, மக என்ன? ஒரே குடும்பம்! குடும்பத்துக்குள்ள யாராச்சும் உன் சம்பளம் என் சம்பளம்னு கணக்குப் பாப்பாங்களா?”

இந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப் போனது. கடைப் படியில் நின்ற பக்கத்துக் கடை ஆளுக்கும் ஒரு தடவை சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் மங்கையர்க்கரசிக்கும் சொன்னார். அவள் சோறு போடுவதை நிறுத்தி, கரண்டியோடு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“கண்ணு ஒரு மாதிரியா இருக்குங்க” என்றாள். “நாளைக்கு ரத்தினபுரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துடறேன். துணைக்கு ஷாமிளாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“போயிட்டு வா. ஒரு நாள் கடையை நான் பாத்துக்க மாட்டேனா?”

பார்த்துக்கொண்டார். எந்தச் சேலை என்ன விலை என்று மங்கையர்க்கரசியின் தலைக்குள்தான் இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அடக்க விலைக்குக் கீழே இரண்டு சேலையை விற்றார். மூன்றாவதாக வந்த அம்மா அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு வேகமாக நடந்ததைப் பார்த்ததும், வெயில் ஏறுவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

*

அதற்கடுத்த வாரம், கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கிற இரத்தினபுரித் தொழில் அலுவலகத்து அதிகாரி ஒருவர் வந்தார். சிங்களக்காரர், சாதுவான மனிதர். தமிழில் பேசுவதற்குக் கேஷானி என்கிற கிளாக்கர் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்.

பொன்னுத்துரை பயப்படவில்லை. முகம் நிறையச் சிரிப்போடு இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளேன்டீக்கும் மீன் வைத்த மாலுபாணுக்கும் ஆள் அனுப்பினார். அதிகாரி ஷாமிளாவைக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு கேஷானி அவர் பக்கம் திரும்பினாள்.

“இந்தத் தங்கச்சிக்குப் போன மாசச் சம்பளம் குடுக்கலியாமே?”

“குடுத்தேனே! அப்பன் கடனுக்குக் கழிச்சேன்.”

“தங்கச்சி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாங்களா?”

“அதெல்லாம் எதுக்கு? குடும்பம்…”

“அப்பா கடனுக்கு மக சம்பளத்தை வெட்ட ஏலாதுன்னு ஆபீசர் மாத்தயா சொல்றாரு. முழுசாக் கையில குடுக்கணுமாம்.”

கூட்டம் வேடிக்கை பார்த்தது. வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால் சில்லறைத்தனம் காட்டுவது வியாபாரத்துக்கு ஆகாது. “அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க! மங்கை, அந்தக் காசை எடுத்துக் குடுத்துரு” என்றார்.

மங்கையர்க்கரசி எடுத்து எண்ணி, ஷாமிளாவின் கையில் வைத்தாள்.

“உங்க கடனை அம்மா மாசா மாசம் குடுக்கிற மாதிரியே குடுத்துருவாங்க மொதலாளி” என்றாள் ஷாமிளா. “யாரும் இல்லைன்னு சொல்லலியே.”

“சரி சரி. முடிஞ்சுது இல்ல? டீயைக் குடிங்க மாத்தயா.”

அதிகாரி டீயைக் குடித்தார். எழுந்திருக்கவில்லை. கேஷானி மாலுபாணை ஓரமாக வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள்.

“இது இங்க வந்த எடத்துல கண்ணுல பட்டது மொதலாளி. நாங்க விசாரிக்க வந்த முறைப்பாடு இன்னும் இருக்குது. சம்பளப் பாக்கி.”

“இன்னும் என்ன பாக்கி?”

கேஷானி தொகையைச் சொன்னாள். பொன்னுத்துரை கையில் பிடித்திருந்த டீக்கோப்பையை ஒரு இடம் தேடி வைத்தார். அந்தத் தொகையில் மெயின் வீதிக்காரருடைய பாக்கியைத் தீர்த்து, தீபாவளிச் சரக்கையும் இறக்கி, மிச்சத்தில் ஒரு வேனும் வாங்கலாம்.

“இதுக்கு மேல ஈ.பி.எஃப். இருக்குது” என்றாள் அவள். “கடையில நிக்கிற ஆளுக்கு நீங்களே உங்க வாயால சொன்ன சம்பளம்தானே? லயத்துச் சனமெல்லாம் கேட்டிருக்காங்களாம். அந்தக் கணக்குலதான் கேட்டிருக்கு, இத்தனை வருஷத்துக்கும்.”

“இத்தனை வருஷத்துக்குமா!” பொன்னுத்துரை ஷாமிளாவின் பக்கம் திரும்பினார். “அடிப்பாவி! நேத்து வந்தவ நீ! என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, மங்கையோட கண்ணு ஆஸ்பத்திரியைச் சாக்கு வச்சு ரத்தினபுரிக்குப் போய், அந்த அப்பாவி மனுசியையும் ஏமாத்திட்டு, என் மேலயே முறைப்பாடு குடுத்தியா? அதுவும் பொய்க் கணக்கு! கேளுங்க மாத்தயா, இவ வந்து ஒரு மாசந்தான் ஆச்சு! எத்தனையோ வருஷமா இந்தக் கடையில வேலை செஞ்சவ மாதிரி…”

கேஷானி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“இந்தத் தங்கச்சி சாட்சி மட்டுந்தான் மொதலாளி, முறைப்பாடு குடுத்தது கல்லாவுல இருக்கிற உங்க வீட்டம்மா.”